தகரத்துக்கு எல்லாம் தெரியும்

மத்தோசின்யூஷ் துறைமுகம், விடிகாலை ஐந்தரை.
நாற்பது மத்தி வாங்கினால்
நடிக்கத் தேறுவது நாலு.
கண் கலங்காதது, செதில் உதிராதது, வயிறு பிளக்காதது.
“தின்னவா, படத்துக்கா?” என்பாள் ஒதீலியா.
படத்துக்கு என்றால் இரண்டு யூரோ கூடுதல்.
அழகுக்கு வரி கட்டாமல் யார் பிழைத்தார்கள்.

பதினொன்றாம் மீனைப் பலிகொடுத்து
முதலில் வெளிச்சம் பார்க்க வேண்டும்.
அதுதான் பதிலி.
நாயகன் அதுவரை ஐஸ்பெட்டியில் ஈரத்துணிக்குள்.
விளக்கின் சூட்டில் இருபதே நிமிடம்.
பிறகு கண்ணில் பால் பூக்கும்.
பால் பூத்த கண்ணைத் திருத்தலாம்,
ஸ்டுடியோ நாற்றத்தை எந்த மென்பொருளும் திருத்தாது.

தகரம் வேறு சாதி.
திறந்து பாதி சுருட்டிய மூடி
என்னைப் பார்க்கிறது, கூரையைப் பார்க்கிறது,
உதவியாளன் துவார்த்தேயின் மஞ்சள் சட்டையைப் பார்க்கிறது.
(கறுப்பில் வா என்று எத்தனை தரம் சொல்வது.)
டப்பாவுக்கு விளக்குப் போடாதே,
டப்பா எதைப் பார்க்கிறதோ அதற்குப் போடு.
இதைக் கற்க எனக்கு ஆறு வருடமும்
ஒரு சோப்பு நிறுவனமும் ஆயிற்று.

மூன்று பக்கமும் வரைதாள் கூடாரம்.
வலப்புறம் ஒரு கறுப்பு அட்டை,
அது இல்லையென்றால் விளிம்பு வெள்ளையில் கரைந்துபோகும்.
லென்ஸுக்கு விட்ட ஓட்டை
மூடியில் கரும்பொட்டாய் விழுந்தது.
டப்பாவின் அடியில் மடித்த பஸ் டிக்கெட் ஒன்று செருகினேன்,
பொட்டு ஒழிந்தது.
கிளிசரின் பாதி, தண்ணீர் பாதி,
ஊசிமுனையால் ஒவ்வொரு துளியாக.
கடைசியில்தான் எண்ணெய்.

அப்போது எவரிஸ்தோ சொன்னார்:
“கை வேண்டும். அடுக்குகிற கை.”
முதலாளிகளுக்கு மதியத்துக்கு மேல்தான் யோசனை வரும்.

லிஸ்பனிலிருந்து வந்தது கை. முந்நூறு யூரோ.
வழியெல்லாம் கையுறை, ரயிலில் செய்தித்தாள்கூடத் தொடவில்லையாம்.
நகம் பாதாம் போல.
மத்தியைத் தொட்டதும் முகம் சுளித்தது,
மீன் வழுக்கித் தரையில் விழுந்தது.
நாயகன் காலி.
இரண்டாம் நாயகனும்.

காட்டிக்கொடுக்கத்தான் தெயோலிந்தாவை அழைத்தார்கள்,
முப்பத்தொரு வருடம் அடுக்குமேசையில் நின்றவள்.
ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.
தலை, வால், தலை, வால்,
ஒரே வீச்சில் நாலு.
அவள் காட்டினாள், நான் அமுக்கினேன்.
நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி.
அவ்வளவுதான் வேலை,
மற்றதெல்லாம் மேசை நகர்த்துவது.

திரையில் பெரிதாக்கினோம்.
வலது ஆள்காட்டி விரலில் நுனிக்கணு இல்லை.
மூடி பொருத்தும் யந்திரம், தொண்ணூற்றெட்டில்,
என்றாள் அவள், மணி சொல்வதுபோல.
“படம் இதுதான்” என்றார் எவரிஸ்தோ,
“விரலை மட்டும் முடித்துக்கொடு.”

முடித்தேன்.
லிஸ்பன் கையின் நுனியை வெட்டி
தெயோலிந்தாவின் விரலில் ஒட்டினேன்.
தோலின் நிறம் ஒத்துவர ஒன்றரை மணி நேரம்.
நகத்தின் பளபளப்பைக் குறைக்க இன்னும் கொஞ்சம்.
பில்லில் ஒரு வரி: திருத்தம், நாற்பது யூரோ.
பணம் தொண்ணூறு நாளில்.
தொண்ணூறு என்றால் நூற்றுப்பத்து.

மார்ச்சில் த்ரின்தாத் மெட்ரோவில் ஆளுயரத்துக்கு ஒட்டினார்கள்.
ஷிப்டு முடிந்து வந்த தெயோலிந்தாவை
அதன்முன் பார்த்தேன், கையில் முட்டைக்கோஸ் பை.
“யார் விரல் அது?”
சொன்னேன்.
“முந்நூறா?” என்றாள்.
விரலைப் பற்றி அதற்குமேல் கேட்கவில்லை.

பிறகு கிட்டே போய்
சுருட்டிய மூடியின் உள்வளைவைத் தொட்டாள்.
அங்கே, எண்ணெய்க்கும் கறுப்பு அட்டைக்கும் நடுவே,
கடுகு பெருத்தாற்போல் ஒரு கை பிரதிபலிக்கிறது.
அதன் விரல் குட்டை.

மறந்துவிட்டேன் என்றுதான் எவரிஸ்தோவிடம் சொன்னேன்.
தெயோலிந்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.
ரயில் வந்தது, ஏறினாள்.
நான் அடுத்த வேலைக்குப் போனேன்:
குளியலறைக் குழாய், பன்னிரண்டு மாடல்,
எல்லாம் குரோமியம்,
எல்லாம் பார்க்கும்.